அடிக்குப் பயந்து ஓடியவனுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'பிரம்பைக் கீழே வைத்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்' என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உருப்பட்டவர் எழுதிவிட்டார். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டே ஓடியவனுக்கு எழுதத் தெரியாது. அவனுக்காக நான் எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினான். வாய்க்கால் ஓரத்துப் பூவரசில் மிளாறு ஒடித்துவர அவனையே அனுப்பினார் வாத்தியார். மெலிதாக ஒடித்து வந்தான் என்பதற்குத் தனியாக நான்கு அடி. மறுநாள் அவன் வாத்து மேய்க்கப் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை.

இன்று அவன் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறான். நெல் கொள்முதல் நிலையத்தில், 40 கிலோ மூட்டை 63 என்றால் 25 குவிண்டால் 20 கிலோ என்று நான் பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிடுவான். பிறகு ரசீதை என்னிடம் நீட்டி, என்ன போட்டிருக்கிறது, படி என்பான். கணக்கு வரவில்லை என்று அடிபட்டவன் இவன்தான்!

'அடியாத மாடு படியாது' என்பார்கள். ஏர் பூட்டி உழுதவன் சொல்கிறேன்: ஓயாமல் அடிபட்ட மாடுதான் சண்டியாகிச் சேற்றில் படுத்துக்கொள்ளும்.

போன மாதம் தன் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போனவன், 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர்' என்றான். உடன் இருந்த எனக்கு நெஞ்சு அடைத்தது. தனக்கு விழுந்த அடி போதவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறான். 'அடிக்க மாட்டேன் ஐயா. அவனுக்கு எது வரவில்லை என்று பார்த்துச் சொல்லித்தருகிறேன்' என்றார் அந்த டீச்சர்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. வீட்டில் விழும் அடியை அது தொடவில்லை. பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று ஸ்வீடன் 1979-லேயே சட்டம் போட்டுவிட்டது. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதைப் பெற்றோரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு பஞ்சாயத்துச் சுவரிலும், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.