இரண்டாவது பாலத்தோடு ஏன் திரும்பினோம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம், மலையிடுக்கில் இறங்கிப் பெரிய அருவி வரை போக வேண்டிய ஒரு குடும்ப நடையை இரண்டாவது பாலத்தோடு முடித்துக்கொண்டு திரும்பிய செய்தி இந்நேரம் உங்களில் பலருக்கு வாட்ஸாப்பில் வந்திருக்கும். சிலர் எங்களிடமே கேட்டீர்கள். கேட்காதவர்களுக்கும் மனதில் ஒரு கேள்வி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, ஒரு துளி மழை இல்லை, பிள்ளைகள் ஆசையாக நடந்து வந்தார்கள், பெரிய அருவியின் சத்தம் கேட்கிற தூரத்தில் வழிகாட்டிகள் திரும்பச் சொல்லிவிட்டார்கள் என்று அந்தச் செய்தியில் இருக்கிறது. அத்தனையும் உண்மை. அதற்கு அடுத்த வரியைத்தான் எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வழிகாட்டிகளுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம், அதனால்தான் திருப்பினார்களாம்.

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மலையிடுக்குக்குள் நிற்கும்போது நமக்குத் தெரிகிற வானம் ஒரு கீற்றுதான். ஆற்றுக்குத் தண்ணீர் வருவது அந்தக் கீற்றிலிருந்து இல்லை. மேலே, நம் கண்ணுக்கே எட்டாத மலைச்சரிவுகள் முழுவதிலும் பெய்கிற மழை ஓடைஓடையாக இறங்கி இந்த ஒரே இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே பெய்த மழை நம்மிடம் வந்து சேரும்போது நம் தலைக்கு மேல் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். சமவெளியில் ஆறு பெருகினால் கரை தாண்டிப் பரவும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நிற்கிற இடத்தில் பரவ இடம் கிடையாது. அதனால் தண்ணீர் மேலே ஏறும், வேகமும் எடுக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் வெள்ளம் 15 செ.மீ. உயரம் இருந்தாலே வளர்ந்த ஒருவரைச் சாய்த்துவிடும். நமக்குக் கணுக்காலைத் தாண்டிய தண்ணீர் நாலு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வரை இருக்கும்.

அன்று பாலத்தடியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெல்லக் கலங்கத் தொடங்கியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் வழிகாட்டிகள் எப்போதும் பார்த்துவைக்கிற அடையாளக் கல்லின் தலை முழுகியது. ஆற்றின் சத்தமும் கனத்தது. இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலே நின்று யோசிப்போம். இரண்டு தெரிந்தால் திரும்பிவிடுவோம். அன்றைக்கு நான்கும் தெரிந்தன. அங்கிருந்து பெரிய அருவிக்குப் போக ஆற்றை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும் என்று வந்து போனவர்களுக்குத் தெரியும். போவது பெரிய காரியமில்லை. போன பிறகு வெள்ளம் வந்துவிட்டால் பிள்ளைகளோடு அந்தக் கரையிலேயே மாட்டிக்கொள்வோம்.

இது நாங்களாகச் செய்துகொண்ட விதியும் இல்லை. கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவின் சமாரியா மலையிடுக்கில் நடைப்பாதை 16 கி.மீ. நீளம். மழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு வாசலையே மூடிவிடுகிறார்கள், எத்தனை தூரத்திலிருந்து வந்தவர்களானாலும் சரி. அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் நேரோஸ் என்று ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே ஆற்றுக்குள்ளேயேதான் நடக்க வேண்டும். ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலோ திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலோ அங்கே யாரையும் உள்ளே விடுவதில்லை. 1999 ஜூலை 27 அன்று ஸ்விட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கத்து சாக்செட்பாக் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளோடு ஓடைக்குள் இறங்கிப் போன குழு அது. மேலே இடியும் மழையும் கொட்டிய தண்ணீர் இடுக்கு வழியே வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு வழிகாட்டிக்கும் முதல் நாளே இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் பயிற்சியைத் தொடங்குகிறோம்.

சரி, வழிகாட்டிகளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் என்ற அந்த வரிக்கு வருகிறேன். எங்கள் வழிகாட்டிகளுக்கு மணிக்கணக்கில் கூலி கிடையாது, நாள் கணக்குதான். சீக்கிரம் திரும்பினாலும் தாமதமாகத் திரும்பினாலும் அதே சம்பளம். பாதியில் திரும்புகிற நாளில்தான் அவர்களுக்கு வேலை அதிகம். அருவியைப் பார்த்த பிள்ளை சந்தோஷத்தில் தானாகவே மேலே ஏறிவிடும். பார்க்காத பிள்ளை அழும், உட்கார்ந்துகொள்ளும், நடக்க மாட்டேன் என்னும். அன்று இரண்டு பிள்ளைகளை மேல்முனை வரை தோளில் தூக்கி வந்தது எங்கள் ஆட்கள்தான். கடைசிக் குடும்பத்தின் வண்டி கிளம்புகிற வரை அவர்கள் அங்கேயே நின்றார்கள். அதன் பிறகு ஒருவர் திரும்ப இறங்கிப்போய், வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பாலம் வரை பார்த்துவிட்டு வந்தார். இதெல்லாம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள் செய்கிற வேலையா? அந்தச் செய்தி பரவிய பிறகு, நீங்கள் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற எங்கள் மூத்த வழிகாட்டி வேலையை விட்டுவிட்டார். எவ்வளவோ பேசிப் பார்த்தோம். திரும்பி வருவார் என்று இன்னமும் நம்புகிறோம். அவர் இல்லாததால் குழுவுக்கு இனி 12 பேர்தான். கட்டணமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது, பதிவுப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நடை என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளை அருவிக்கடியில் இறங்க விடுவதில்லை என்றும் அதே செய்தியில் ஒரு குறை இருக்கிறது. அருவி விழுகிற இடத்தில் உள்ள மடு, மேலிருந்து பார்க்கத்தான் அமைதியாக இருக்கும். விழும் தண்ணீர் அடியைக் குடைந்துகொண்டே இருப்பதால் இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆழம் மாறிவிடும். அருவியின் பக்கத்தில் மேல்நீர் வெளியே போகாமல் அருவியை நோக்கித் திரும்ப ஓடும். அதில் சிக்கினால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் வெளியே வருவது கஷ்டம். வெள்ளை வெளேரென்று நுரைக்கிற தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருப்பதால் அது உடம்பைத் தாங்காது, அதில் மிதக்க முடியாது. சாரல் படுகிற பாறையெல்லாம் பாசி பிடித்திருக்கும். கறுப்பாக மினுங்குகிற பாறையில் கால் வைக்காதே என்று பிள்ளைகளுக்கு நீங்களும் சொல்லி வையுங்கள்.

தண்ணீரில் விளையாடவே கூடாது என்று நாங்கள் சொன்னதில்லை. முதல் பாலத்துக்குக் கீழே ஆறு அகன்று, கூழாங்கல் படுகையில் முழங்காலுக்கும் குறைவாக ஓடுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் விட்டுவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அதுதான் அருவியை விடப் பிடித்திருக்கிறது என்று உங்களில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறீர்கள். குரோயேஷியாவின் பிளிட்விச் ஏரிகளில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் உடனே குதிக்கத் தோன்றும், அவ்வளவு தெளிந்த தண்ணீர். ஆனால் அங்கே நீந்தத் தடை. ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்கு விழும் அங்குள்ள அருவிகளைத் தாங்கி நிற்கும் தடுப்புகளைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பும் பாசியும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்கள் இறங்கி மிதித்தால் அவை நொறுங்கிவிடும். தள்ளி நின்று பார்த்தே நிறைந்த மனதோடு திரும்ப வேண்டிய இடங்களும் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கொடுப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம், இவ்வளவு அதிகாலையில் ஏன் கிளம்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை உச்சிக்குப் போனால் ஏற்றம் முதலில் வரும். மலையிடுக்கில் எல்லாம் தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறங்குகிறோம், கால் ஓய்ந்த பிறகு ஏறுகிறோம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மலையிடுக்கில், இறங்க ஒரு பங்கு நேரம் என்றால் ஏற இரண்டு பங்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு போகும்போது அதற்கு மேலும் ஆகும். போதாததற்கு இடுக்குக்குள் வெளிச்சம் சீக்கிரம் மங்கிவிடும். நனைந்த உடையோடு நிழலில் நின்றால் பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு உடல்சூடு வேகமாக இறங்கும். திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும்போதே சொல்லிவிட்டு, அதில் ஐந்து நிமிடம்கூடத் தளர்த்தாமல் இருப்பது இதனால்தான்.

அன்று வந்த குடும்பங்களில் பலர் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி நடந்தீர்கள். தண்ணீர் கலங்குவதை எங்கள் ஆட்களுக்கும் முன்பே பார்த்துச் சொன்னது உங்களில் ஒருவர் வீட்டு ஒன்பது வயதுப் பெண்தான். போன தடவை வந்தபோது சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே நினைவில் வைத்திருந்தாள். செய்தி பரவிய பிறகு எங்களுக்காகப் பதில் எழுதியவர்கள், போன் செய்து தைரியம் சொன்னவர்கள், பேரப்பிள்ளைகளை நம்பி எங்களோடு அனுப்புகிற தாத்தா பாட்டிகள், உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. விளம்பரம் எதுவும் இல்லாமல் இத்தனை காலம் நாங்கள் ஓடுவதே நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அழைத்து வருவதால்தான்.

அந்தச் செய்தியை எழுதியவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. பிள்ளையின் ஏமாற்றத்தைப் பார்த்த பெற்றோரின் வருத்தம் புரிகிறது. அன்று வந்த குடும்பங்கள் வேறொரு நாளில் வந்து பெரிய அருவியைப் பார்க்கலாம், தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். பாதியில் திரும்பும் நடைகளுக்கு இனிமேலும் இதே ஏற்பாடுதான், பணமாகத் திருப்புவதில்லை.

வரும்போது பிடிமானமுள்ள காலணி போட்டு வாருங்கள், செருப்பு வேண்டாம். பருத்தி உடை நனைந்தால் சீக்கிரம் காயாது, அதனால் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடையை உறையில் சுற்றி எடுத்து வாருங்கள். மேல்மலை மழை நிலவரத்தைப் பார்த்துவிட்டு முந்தின நாள் மாலை எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புவோம். அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்ப நடைக் குழுவினருக்காக,
உரிமையாளர்