காலை நடைக்கும் கிரீன் கார்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் தங்கள் குடியிருப்பு ஆவணத்தை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை ஆதரித்து, சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்? ஊரில் ஆதார் வைத்துக்கொள்வதில்லையா?" என்பது அவர் கேள்வி. ஆதாரைத் துணைக்கு இழுக்காமல் இருந்திருக்கலாம். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. அதை வீட்டில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கியவரைச் சிறையில் போடவும் அதில் இடமில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 264ஆம் பிரிவுப்படி, குடியுரிமை பெறாத, 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தமக்கு வழங்கப்பட்ட பதிவு ஆவணத்தை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 5,000 டாலர் வரை அபராதம் (பிரிவில் எழுதியிருப்பது 100 டாலர்; பிந்தைய சட்டம் உயர்த்திவிட்டது), அல்லது 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். நெடுங்காலம் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணைக்கும், குடியுரிமை இல்லாதவர்கள் அரசிடம் பதிவுசெய்வதற்காக ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்த விதிக்கும் பிறகுதான் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

என் பெற்றோர் இருவரும் நிரந்தரக் குடியிருப்பு ஆவணமான கிரீன் கார்டில் இங்கே வசிக்கிறார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கார்டு நகைப்பெட்டிக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள். அப்பா காலை நடைக்குப் போகும்போது வீட்டுச் சாவியும் தண்ணீர்ப் பாட்டிலும் மட்டும்தான் எடுத்துச் செல்வார். இப்போது கழுத்தில் ஒரு நாடா, அதில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் கார்டு, அதற்கு மேல் சட்டை. வீட்டுப் படி இறங்குமுன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். தொலைந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மாற்றுக் கார்டு கேட்கும் ஐ-90 படிவத்தைத் தாளில் அனுப்பினால் 465 டாலர், இணையத்தில் அனுப்பினால் 415 டாலர். அதன்பின் மாதக்கணக்கில் காத்திருப்பு. தொலைத்துவிட்டால் இவ்வளவு பாடு படுத்தும் ஒரு பொருளைத்தான், குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கப் போகும்போதும் கூடவே கொண்டு போ என்கிறார்கள்.

இதைக்கூடத் தொந்தரவு என்று பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது, யாரை நிறுத்திக் கேட்பார்கள் என்பது. அமெரிக்கக் குடிமக்கள் எந்த அடையாள ஆவணத்தையும் உடன் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். தெருவில் வருபவர் குடிமகனா, கார்டு வைத்திருக்க வேண்டியவரா என்று அதிகாரி எதை வைத்துத் தீர்மானிப்பார்? நிறத்தையும் பேச்சையும்தான் பார்ப்பார். என் பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில் பிறந்த வெள்ளையர், கிரீன் கார்டுக்காரர். இப்படி ஒரு சட்டம் இருப்பதே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே புல் வெட்டப் போய்விட்டார். குடியுரிமை பெற்ற நானோ, சட்டம் கேட்காமலேயே 30 டாலர் கட்டி குடியுரிமையைக் காட்டும் பாஸ்போர்ட் கார்டு வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். சட்டப்படி கடமை அவருக்கு, பயம் எனக்கு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கைப் பார்க்கலாம். இனம், மொழி உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. மூன்று நீதிபதிகள் கடுமையாக மறுத்தும் பயனில்லை.

இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1892ஆம் ஆண்டு கியரி சட்டம் சீனத் தொழிலாளர்கள் வசிப்பிடச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். நோயாலோ விபத்தாலோ வாங்க முடியாமல் போனது என்று சொல்பவர், தாம் இங்கே வசித்துவந்ததற்கு 'நம்பத்தகுந்த வெள்ளைக்காரச் சாட்சி' ஒருவரையாவது கொண்டுவர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1893இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களிடம் கைரேகையோடு இதையே கேட்டபோது, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜொகன்னஸ்பர்க் மசூதி மைதானத்தில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். காந்தியோடு அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர்களில் தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் ஏராளம். 'தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நான் எதையும் கொளுத்தச் சொல்லவில்லை. சட்டம் இருக்கும்வரை கார்டைக் கொண்டுபோங்கள் என்றுதான் என் வீட்டிலும் சொல்கிறேன். சட்டத்தைக் குறை சொல்வது வேறு, வயதானவரைக் காவலில் உட்காரவைப்பது வேறு. ஆனால் மாற்றக் கேட்பதில் தவறில்லை. நம் கைரேகையும் புகைப்படமும் ஏற்கனவே அரசிடம் இருக்கின்றன. பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் தேடிப் பார்க்கத் தடையில்லை. பிரிட்டனில் காரோட்டி உரிமத்தைக் கையில் வைத்திருக்காவிட்டால் 7 நாட்களுக்குள் காவல் நிலையத்தில் காட்டலாம். கார் ஓட்டுபவருக்குக் கொடுக்கும் அவகாசத்தைக் காலாற நடப்பவருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த வாசகர், கைப்பேசியில் கார்டின் படம் இருந்தாலே போதும் என்று எழுதியிருந்தார். போதாது, சட்டம் கேட்பது வழங்கப்பட்ட கார்டையே. ஓட்டுநர் உரிமமும் இதற்கு ஈடாகாது, அது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற 'ரியல் ஐடி'யாக இருந்தாலும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தைப் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி