ஏப்ரல் புல்வெட்டு: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சாலையோர, மின்தடப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

உங்கள் டிராக்டர்கள் புல்வெட்ட இறங்கும் அதே வாரங்களில்தான் காட்டு வான்கோழிப் பெட்டைகளும் அந்தப் புல்லுக்குள் நுழைகின்றன. குளிர்காலக் கூட்டம் கலைந்ததும் அவை தரையில் கூடு வைக்க இடம் தேடிச் சில கிலோமீட்டர்கூட அலையும். முழங்கால் உயரத்துக்குப் புல்லும் செடியும் வளர்ந்த திறந்தவெளி அவற்றுக்குப் பிடிக்கும். மின்தடத்தில், அதாவது மின்கம்பிகளுக்கு அடியில், நீங்கள் வளர்த்து வைத்திருப்பதும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு ஒன்று வீதம் 10 முதல் 12 முட்டை; நடுவே ஒன்றிரண்டு நாள் தவறும், ஆக இரண்டு வாரம். பிறகு ஏறத்தாழ 28 நாள் அடை. பொரித்த குஞ்சுகள் ஒரு நாளுக்குள் கூட்டைவிட்டு நடந்துவிடும். ஆனால் மரக்கிளைக்குப் பறந்தேற இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை இரவுகளில் தாயின் சிறகுக்குள், தரையில்தான். மொத்தம் எட்டு வாரம். முதல் கூடு அழிந்தால் பல பெட்டைகள் மறுபடி முட்டையிடும் என்பதால், மே முடிந்ததும் வெட்டலாம் என்ற கணக்கு தப்பிப்போகிறது.

ஓட்டுநர் கவனமாக ஓட்டினால் போதாதா? போதாது. முட்டையிடும் நாட்களில் பெட்டை சிறிது நேரமே கூட்டில் இருக்கும். மற்ற நேரம் முட்டைகள் சருகுக்கடியில் குளிர்ந்து கிடக்கும். அவை கைவிடப்பட்டவை அல்ல, தொடாதீர்கள். அடையின் கடைசி நாட்களில் நேர்மாறு. எந்திரம் பக்கத்தில் வரும்வரை பெட்டை அசையாது, வெட்டுத்தகடு தாயையும் சேர்த்தே வாங்கிவிடும்.

கண்ணில்பட்ட கூட்டைச் சுற்றி நாலடிப் புல்லை மட்டும் விட்டுவைப்பதும் நல்லெண்ணத்தோடு சரி. முட்டை தின்னும் ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கும் காகமும் எளிதில் துழாவிவிடக்கூடிய திட்டு அது. விட்டால், காட்டோரத்தோடு சேரும் அகலமான பட்டையாக விடுங்கள்.

நாங்கள் கேட்பது, ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை வெட்டை நிறுத்துவது. சாலைச் சந்திப்புகளிலும் விளிம்பிலும் பார்வை மறையக்கூடாது, அது விதிவிலக்கு. அங்கே மார்ச்சிலிருந்தே புல்லைக் குட்டையாக வைத்திருந்தால் பெட்டை கூடு வைக்க வராது. மின்தடத்தை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கை ஆகஸ்டுக்குப் பிறகு வெட்டுங்கள். இடையில் வெட்டியே தீரவேண்டுமானால் நடுவிலிருந்து காட்டுப் பக்கமாக மெதுவாக நகருங்கள். குஞ்சுகள் ஒதுங்க வழி இருக்கும்.

வேட்டைக்காரர்களுக்கு 2022-இல் பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஆளுக்கு மூன்று சேவல் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்த மாநிலம் இது. புல்வெட்டு அட்டவணையைத் திருத்த அத்தனை பாடுகூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
வான்கோழி வாழிடப் பணியில் இருப்போர்