அயர்லாந்து மாளிகைகளும் குத்தகைக்காரர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அயர்லாந்தின் பழைய பண்ணை மாளிகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோட்டம், ஏரி, விருந்துக்கூடம் எல்லாம் அழகாக இருந்தன, ஆனால் அங்கே குத்தகைக்கு உழுதவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

லாங்ஃபோர்டு பகுதியில் எட்ஜ்வர்த் குடும்பம் என்று ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பல நிலக்கிழார்கள் ஊர்ப்பக்கமே வராமல் இங்கிலாந்தில் இருந்துகொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் வாங்குவார்கள். நடுவில் ஒருவர் மொத்தமாக எடுத்துத் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விட்டு, உழுகிறவரைப் பிழிந்தெடுப்பார். ரிச்சர்ட் லவல் எட்ஜ்வர்த் 1782இல் குடும்பத்தோடு தன் நிலத்துக்கே திரும்பி வந்து, இடைத்தரகர்களை ஒதுக்கிவிட்டு, குத்தகைக்காரர்களிடம் நேரடியாகவே பேசினார். நிலக்கிழாருக்குக் கோழி கொடுப்பது, கூலியில்லாமல் வெட்டி வேலை செய்வது போன்ற பழைய கட்டாயங்களை நீக்கினார். நிலத்தைத் திருத்தியவருக்கே அடுத்த குத்தகையிலும் முன்னுரிமை கொடுத்தார். எனக்கு இதுதான் பண்ணைச் சீர்திருத்தம், மாளிகைக்குப் புது ஜன்னல் வைப்பதல்ல.

கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் அப்பாவுக்குத் துணை நின்றவர் மகள் மரியா, அப்போது வயது 14 இருக்கும். பின்னாளில் பெரிய நாவலாசிரியராகப் பெயரெடுத்தவர் இவர்தான். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்த 1798 கலகத்தின்போது குடும்பமே வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது, திரும்பி வந்து பார்த்தால் வீடு அப்படியே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை! அப்பா 1817இல் இறந்தபின் தம்பி லவல் கடனில் மாட்டிக்கொள்ள, 1826இல் பண்ணைப் பொறுப்பை மரியாவே ஏற்று மீட்டெடுத்தார். உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, கிட்டத்தட்ட 80 வயதில், ஊர் ஏழைகளுக்காக உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

சரி, அவர்களும் ஆங்கிலேய ஆட்சி ஐரிஷ்காரர்களின் மண்ணில் குடியேற்றியவர்களின் வழிவந்தவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. குத்தகை குத்தகையாகவே இருந்தது, நிலம் உழுதவர் பெயருக்கு மாறவில்லை. ஆனால் அதே நாட்டில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் நிலக்கிழார் டெனிஸ் மஹோன் 1847இல் அதே பஞ்சத்தின் நடுவே தன் குத்தகைக்காரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கனடாவுக்குக் கப்பலேற்றினார், வழியிலும் கரை சேர்ந்தபின்னும் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். அதுவும் பண்ணையைச் சீர்படுத்துவதாகச் சொல்லித்தான் நடந்தது. அங்கே இப்போது பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்றால் இந்த இரண்டு பண்ணைகளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் ஐயா, உழுதவர்களையும் சேர்த்து.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர், மதுரை