விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் 16 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது என்று இருந்த வேலையில், இப்போது சில வருடமாக, பணத்தை ஏமாந்தவர்களுக்குப் புகார் தட்டச்சு செய்து கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லாம் போனும் கையுமாக உட்காரப் போகிற நேரம் இது. அதனால்தான், ஆன்லைன் விளையாட்டில் பிள்ளைகள் ஏமாறுவதைப் பற்றி இந்தக் கடிதம்.

என் அக்கா மகனுக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2023 மே மாதம். அவனுக்கு அப்போது 17 வயது. ஊரடங்கு சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வாங்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அந்த விளையாட்டில் துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடுகிற வண்ணத்துக்கு ஸ்கின் என்று பெயர். அதை ஸ்டீம் என்கிற தளத்தில் காசுக்கு வாங்கலாம், விற்கலாம், இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக் காசு, கோயில் கொடைக்கு வந்த மாமாமார் கொடுத்தது, அவன் அப்பாவோடு கல்யாணப் பந்தியில் பரிமாறப் போன கூலி எல்லாவற்றையும் போட்டு, சின்னச் சின்ன ஸ்கின்களாகச் சேர்த்து, அதை மாற்றி மாற்றி இரண்டு வருடத்தில் ஒரு கத்தி வைத்திருந்தான். எனக்கும் காட்டியிருக்கிறான். அலகில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றோடொன்று ஓடிக் கலந்த மாதிரி இருக்கும். அன்றைக்குச் சந்தையில் அதன் விலை 14,000 ரூபாய்.

ஒரு சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் வந்து நின்றான். "சித்தி, ஒண்ணு சொல்லணும், அம்மாட்ட சொல்லிராதிய" என்றான். கத்தி போய்விட்டது. எப்போது என்று கேட்டேன். போய் 11 நாள் ஆகியிருந்தது.

எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அசடாக இருப்பதால் ஏமாறுகிறார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. விளையாடுகிற பிள்ளைகள் பேசிக்கொள்கிற டிஸ்கார்ட் என்கிற ஆப்பில் அவனோடு ஆறு மாதமாகப் பேசுகிற ஒரு பையனின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. எங்கள் டீம் போட்டியில் நிற்கிறது, ஒரு ஓட்டுப் போடு என்று ஒரு லிங்க். அந்தப் பையனின் கணக்கையே வேறு யாரோ பிடித்துவிட்டார்கள் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? லிங்கைத் தொட்டான். போட்டி நடத்துகிற தளம் மாதிரியே ஒரு பக்கம். ஓட்டுப் போட ஸ்டீம் கணக்கோடு உள்ளே வா என்றது. சின்ன விண்டோ ஒன்று திறந்தது. அதன் தலையில் ஸ்டீமின் சரியான முகவரி, பூட்டுப் படத்தோடு. முகவரியைப் பார்க்க வேண்டும் என்று படித்த பையன், பார்த்தான், சரியாக இருந்தது. பெயர், பாஸ்வேர்டு, போனில் வந்த குறியீடு மூன்றையும் கொடுத்தான்.

அந்த விண்டோவே நிஜமில்லை. பக்கத்துக்குள்ளேயே விண்டோ மாதிரி வரைந்து வைத்த படம் அது. முகவரி, பூட்டு எல்லாம் சித்திரம். நிஜ விண்டோவாக இருந்தால் பிடித்து இழுத்து பிரவுசருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கலாம். இது பிரவுசர் ஓரத்தோடு நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. அதே பிரவுசரில் ஏற்கெனவே ஸ்டீமுக்குள் இருந்தால், நிஜமான பக்கம் நம் பெயரைக் காட்டி ஒரு பொத்தானை மட்டும்தான் அழுத்தச் சொல்லும், மறுபடி பாஸ்வேர்டு கேட்காது. இந்த இரண்டையும் நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு ஒன்றும் தொலையவில்லை. அதுதான் இதில் பெரிய சூழ்ச்சி. உள்ளே நுழைந்தவர்கள் சத்தமில்லாமல் அவன் கணக்கில் ஏபிஐ கீ என்கிற ஒரு சாவியைப் பதிந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து ஒரு புரோகிராம் நம் கணக்கின் ட்ரேடுகளை, அதாவது பொருள் மாற்றிக்கொள்வதை, பார்க்கவும், ரத்து செய்யவும் அந்தச் சாவி போதும். நான்கு நாள் கழித்து, சென்னையில் இருக்கிற நிஜமான நண்பன் ஒருவனோடு கத்தியை மாற்றிக்கொள்ள இவன் ட்ரேடு அனுப்பினான். அந்த நொடியே புரோகிராம் அதை ரத்து செய்து, அதே பெயர், அதே படம் போட்ட இன்னொரு கணக்குக்கு அதே ட்ரேடை எழுப்பிவிட்டது. போனில் உறுதி செய் என்று வந்தது. பெயரையும் முகத்தையும் பார்த்தான், உறுதி செய்தான். நண்பன் அரை மணி நேரம் கழித்து "என்னடா அனுப்பவே இல்லை" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

உறுதி செய்யச் சொல்கிற அந்தத் திரையில், எதிராளியின் கணக்கு எப்போது தொடங்கியது, அவன் எந்த லெவல் என்பதும் இருக்கும். ஆறு வருடப் பழைய நண்பனின் கணக்கு போன வாரம் தொடங்கியது என்று இருந்தால் கை நின்றிருக்கும். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிற பிள்ளை அதை எங்கே வாசிக்கும்?

அப்புறம் வீட்டில் தெரிந்தது. நான்தான் சொன்னேன், சொல்லாமல் முடியவில்லை. அத்தான் நல்ல மனுசர், கையை ஓங்கியது கிடையாது. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இல்லாத கத்திக்கு எதுக்குல அழுத?" அக்கா அப்பளம் உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலேயே, இனிமேல் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றாள். அவன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரோடும் பேசவில்லை. 11 நாள் ஏன் மறைத்தான் என்று எனக்கு அந்த நேரம் புரிந்தது. சொன்னால் இதுதான் நடக்கும் என்று அவனுக்கு முதலிலேயே தெரியும்.

பந்தியில் நின்று சம்பாதித்த காசு சார் அது. அதில் ஒரு சைக்கிள் வாங்கி அது களவு போயிருந்தால் தெருவே கூடித் தேடியிருக்கும்.

சீக்கிரம் சொன்னால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். 2023இல் பொருள் திரும்ப வந்திருக்காது, உண்மைதான். மோசடியில் கைமாறிய பொருளைத் திருப்பித் தருவதில்லை என்பதுதான் ஸ்டீமின் விதி. ஆனால் 2025 ஜூலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்கள் ட்ரேடில் கைமாறினால், 7 நாளுக்குள் கொடுத்தவரே அதைத் திருப்பி இழுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அந்த 7 நாளில் நடந்த மற்ற ட்ரேடுகளும் சேர்ந்து திரும்பும், 30 நாள் கணக்கில் ட்ரேடு செய்ய முடியாது. போகட்டும், பொருள் கையில் இருக்கும். போன வருடம் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாளே அவன் தாயிடம் சொல்லியிருந்தான். என் கடைக் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்து திருப்பி எடுத்தோம். அந்தப் பையன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு என் அக்கா மகன் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே பெற்றோர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். பிள்ளை வந்து சொல்கிற முதல் பத்து நிமிடம் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். முக்கியமாக, அந்த ஏபிஐ கீ பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நீக்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றினேன், போதும் என்று விட்டு, மறுபடி ஏமாந்த பிள்ளைகள் உண்டு. வங்கிப் பணமும் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள், அதனால் நாளைக்குப் பார்ப்போம் என்பதே கூடாது. புகாருக்கு வருகிறவர்கள் பயத்தில் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டு வருகிறார்கள். அழிக்காதீர்கள். லிங்க், பேசியது, பணம் போன எண் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருங்கள்.

இது கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வீட்டுக் கதை மட்டும் இல்லை. என் கடைக்கு வருகிற ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்கிற போன் விளையாட்டை ஆடுகிறார்கள், பெரிய பையன்கள் அதே மாதிரி பிஜிஎம்ஐ. அந்த விளையாட்டுகளுக்குள் செலவழிக்கிற காசுதான் டைமண்டும் யூசியும். டைமண்ட் பாதி விலைக்கு, யூசி இலவசமாக என்று லிங்க் வருகிறது. உள்ளே போனால் ஃபேஸ்புக் அல்லது கூகுள் பாஸ்வேர்டு கேட்கும். ரோப்ளாக்ஸ் ஆடுகிற சின்னப் பெண் குழந்தைகளுக்கு, அந்த விளையாட்டுக் காசான ரோபக்ஸ் இலவசம் என்று வரும். எல்லாம் ஒரே தூண்டில். சிலர் இன்னொருவரின் விளையாட்டு ஐடியையே, அதாவது கணக்கையே, காசுக்கு வாங்குகிறார்கள். அதில் இன்னொரு ஆபத்து: விற்றவன் பழைய மெயிலை வைத்து நாளைக்கே ஐடியைத் திரும்பப் பிடித்துக்கொள்வான். ஐடி விற்பதே அந்த விளையாட்டுகளின் விதிக்கு மாறானது என்பதால் நிறுவனத்திடம் போய் நிற்கவும் முடியாது. பணம் அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ள உன் யுபிஐ பின்னைப் போடு என்பவர்களும் இருக்கிறார்கள். பின் போடுவது கொடுப்பதற்கு மட்டும்தான், வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

அறிமுகமில்லாதவன் காட்டுகிற கியூஆர் படத்தை ஸ்டீம் ஆப்பில் ஸ்கேன் செய்து ஒப்புக்கொண்டாலும் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் லிங்க் அனுப்பினாலும், கூடப்பிறந்தவனே அனுப்பினாலும், அதைத் தொடாமல் முகவரியை நாமே தட்டி உள்ளே போகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதி ஆபத்து கழிந்தது.

உங்கள் பத்திரிகையில் மாணவர்களுக்கென்று பக்கம் ஒதுக்குகிறீர்கள். இந்த விடுமுறைக்குள் அதில் ஒரு கால் பக்கம் இதற்குக் கொடுங்கள். பிள்ளைகள் பேசுகிற வார்த்தையிலேயே, படம் போட்டு, அந்தப் போலி விண்டோ எப்படி இருக்கும் என்று காட்டி எழுதுங்கள். காவல் துறையின் சைபர் கிரைம் பிரிவினரும் பள்ளிக்கூடங்களுக்கு வரும்போது வங்கி மோசடியோடு இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது. என் அக்கா மகன் இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். படம் வரைந்து கொடுக்க அவன் தயாராக இருக்கிறான். நீங்கள் அச்சிட்டால், அந்தப் பக்கத்தை நானே நகல் எடுத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் நின்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன். தாள் செலவும் என்னுடையதுதான்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி,
கல்லிடைக்குறிச்சி.