பாத்ரூம் வேலை முடிந்ததா?

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலம்தானே. மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை அதிகம் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தோம். சரி, வேலை என்றால் அப்படித்தான் இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. அம்மாதான் மத்தியானமே போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாத்ரூம் வேலை எந்த மட்டில் இருக்கிறது? நாங்கள் அங்கே வந்தபோதே தரையை உடைத்துவிட்டதாகச் சொன்னாய். ஏப்ரல் போய், மே போய், ஜூனும் பாதி ஆகிவிட்டது. டைல் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டர் புரூஃபிங் பூசிக் காயவிட்டார்களா? அவசரப்படுத்தாதே. தண்ணீர் போகிற வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கச் சொல். காலையில் மட்டம் இறங்காமல் இருந்தால்தான் டைல். முப்பத்துநாலு வருஷம் பொதுப்பணித்துறையில் கட்டடம் பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ எங்களைத் தங்கவைத்த ஹோட்டலைப் பற்றி இங்கே பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. மெல்போர்ன் நடு ஊரில், டிராம் மணி கேட்கிற தூரத்தில், இரண்டு படுக்கை அறை, சமையல் மேடை, அலமாரிக்குள்ளேயே துணி துவைக்கிற மெஷின் என்று சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். ஹோட்டல் என்றால் ஹோட்டலும் இல்லை, வீடு என்றால் வீடும் இல்லை. ஃபிளிண்டர்ஸ் லேன் முழுக்க ஒரு காலத்தில் துணிக் கிடங்கும் தையல் கம்பெனியுமாக இருந்ததாம். அந்த மாதிரி ஒரு கிடங்கைத்தானே இப்படி மாற்றியிருக்கிறார்கள். வெளிச்சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஜன்னல் குழியில் கையை வைத்து அளந்து பார்த்தேன், ஒன்றரை அடிச் செங்கல் சுவர். உள்ளே தடுத்திருப்பதெல்லாம் ஜிப்சம் போர்டு, தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. எனக்குப் பிடித்தது நம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அந்த மரத்தூண்தான். பழைய ஆணித் துளைகளை அடைக்காமல், மெழுகு மட்டும் போட்டு விட்டிருந்தார்கள். அது ஒரு நல்ல மேஸ்திரியின் வேலை. ஜன்னல்தான் மனசுக்கு ஒப்பவில்லை. பழைய சட்டத்துக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைத்துத் தெருச் சத்தம் வராமல் மூடிவிட்டார்கள். ஒரு விரல்கூடத் திறக்காது.

நீ வேலைக்குப் போன பிறகு நான் தினமும் நடந்தேன். ஹாடில் என்ற சர்வேயர் 1837-ல் கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள் அவை. பெரிய தெரு 99 அடி, சின்னத் தெரு 33 அடி. அதாவது 66 அடி அளவுச் சங்கிலிக் கணக்கில் ஒன்றரைச் செயின், அரைச் செயின். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செயின் பிடித்து அளந்தவன், அதனால் கால் வைத்ததுமே புரிந்தது. நம் லேன் அரைச் செயின். ஸ்டேட் லைப்ரரியில் அந்தக் குவிமாடத்துக்குக் கீழே எத்தனை மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? 1913-ல் திறந்தார்களாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது சொல்லிக்கொண்டார்களாம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. என் மகன் இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா விக்டோரியா மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை போய்ப் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். செவ்வாய் போய் வெண்டைக்காய் வாங்கி வந்தாள். அவள் ஊரிலிருந்து தூக்கி வந்த இட்லிச் சட்டி அலுமினியம், அந்த இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறவே இல்லை. அதுதான் உனக்குத் தெரியுமே.

பதினொரு ராத்திரிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டதற்கு "ஆபீஸ் ரேட்டுப்பா" என்றாய். என்ன ரேட்டாக இருந்தாலும் காசு காசுதான். எங்களுக்கு உன் வீட்டு ஹாலில் ஒரு பாய் போதும். சொந்த மகன் வீடு இருக்கிற ஊரில் ஹோட்டலில் படுத்துவிட்டு வந்தார்களாம் என்று உன் சித்தி யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. வீட்டை இடித்துப் போட்டிருக்கிறபோது பையன் வேறென்ன செய்வான், எங்களை ராஜா மாதிரி வைத்திருந்தான் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். வாசல் வரைக்குமாவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். தூசி ஒத்துக்காது, இருமல் வரும் என்றாய். அரைமணி ரயில்தானே என்று அவள் சொன்னபோது நீ பதில் சொல்லவில்லை. சரி, விடு.

மருமகள் குட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். மரியாதையான பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி ரயிலுக்கு என்று கிளம்பினார்கள். நீ ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "இன்னிக்கும் உங்களோடயே படுத்துக்கிறேம்மா" என்றாய். குட்டி படுத்துக்கட்டும் என்று உள் அறையில் அம்மா விரித்து வைத்த விரிப்பு அப்படியே கிடந்தது. நீ ஹாலில் சோபாவுக்கு அடியில் கையைவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் கொக்கியை இழுத்துக் கட்டிலாக்கினாய். நான் முதல் நாள் அந்தக் கொக்கியை அரைமணி தேடியிருக்கிறேன்.

குளிருக்கு வெந்நீர் குடிக்கிறாயா? அங்கே இப்போது நல்ல குளிர்காலம். வெளியிலேயே சாப்பிடாதே. ஒரு ரசமாவது வை. வீட்டில் பொடி தீர்ந்திருந்தால் சொல்.

ரசம் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாவது நாள் காலையில் அம்மா தாளித்தபோது மிளகாய் கருகி அறையெல்லாம் புகையாகிவிட்டது. புகை வெளியே போகட்டும் என்று நான் வாசல் கதவைத் திறக்கப் போனேன். நீ பாதி சவரத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். "திறக்காதீங்கப்பா. உள்ள அலாரம் அடிச்சா நம்மளோட போயிடும். வராந்தால இருக்கிறது அடிச்சா ஃபயர் வண்டியே வந்துடும். காசு புடுங்கிடுவாங்க." இரண்டு பக்கமும் ஃபேனைப் போட்டு, டவலை வீசி ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தாய். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அப்புறம் போய்ப் படித்தேன். புகை வரக்கூடாது, வந்தால் பணம் கட்டவேண்டும் என்று இருந்தது. கதவைத் திறக்காதே என்று அதில் இல்லை.

நான் கெட்டிக்காரனும் இல்லை, முட்டாளும் இல்லை தம்பி.

கிளம்புகிற அன்று, கொண்டுபோன பாத்திரத்தையெல்லாம் அம்மா எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மேல் தட்டில் எதையாவது விட்டுவிட்டோமா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். நாலு தட்டு, நாலு கிண்ணம், நாலு கண்ணாடி கிளாஸ், எல்லாம் ஹோட்டலுடையது. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஆச்சி பேர் வெட்டிய சில்வர் டம்ளர் இருந்தது. நீ முதல்முதலாக வெளிநாடு போனபோது கொடுத்துவிட்டது. விளிம்பில் நெளிவு இருக்குமே, நீ மூன்றாவது படிக்கும்போது கிணற்றடியில் போட்டது, அதே டம்ளர். உள்ளே காபி அடி காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் கறை இல்லை அது. நான் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு வந்தோம்.

கீழே டாக்சிக்காக நிற்கும்போது நீ கேட்டாய், "ரூம் வசதியா இருந்துச்சாப்பா?" என்று. "நல்ல காத்தோட்டமா இருந்துச்சு" என்றேன். ஒரு ஜன்னல்கூடத் திறக்காத அறை அது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதமே. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

1989-ல் நாம் மதுரையில் இருந்தோம். உனக்கு நாலு வயது. அப்பா வைகை அணையில் டூட்டி பார்த்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அணையில் எனக்கு வேலையே கிடையாது. நாலு மாதம் நான் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் இருந்தேன். குவார்ட்டர்ஸுக்கும் லாட்ஜுக்கும் இரண்டு பஸ் ஸ்டாப். உன் அத்தை கல்யாணத்துக்கு அம்மாவின் நாலு வளையலையும் அவளிடம் கேட்காமல் எடுத்து அடகு வைத்தேன். கேட்டுத்தான் எடுத்தேன் என்று ஊரில் சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. இதுவரை அவளிடமும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஊரில் தாத்தாவிடம் குவார்ட்டர்ஸில் ஓடு மாற்றுகிறார்கள், அதனால் லாட்ஜில் இருக்கிறேன் என்றேன். அவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அம்பை பதினாறு அரிசி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். முதலில் குவார்ட்டர்ஸுக்குத்தான் போயிருக்கிறார். அரிசியை அங்கே இறக்கி, உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு லாட்ஜுக்கு வந்தார். கூரையில் ஓடெல்லாம் அப்படியே இருந்ததை அவர் பார்த்திருப்பார். என் கட்டிலில் உட்கார்ந்து, கொடியில் காய்ந்த என் சட்டையையும் ஸ்டவ்வையும் பார்த்தார். "ரூம் காத்தோட்டமாத்தான் இருக்கு, என்ன" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கேட்டிருப்பார். நான் ஆமாம் என்றேன். அவரைப் பஸ் ஏற்றிவிட்ட மூன்றாம் நாள் நான் வீட்டுக்குத் திரும்பினேன். அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் திரும்பினேன், நீயும் திரும்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இரண்டு பேருக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. மருமகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இதை அவளிடம் சொல்லவேண்டியிருந்தால் சொல். குட்டிக்கு எது நல்லதோ அதை நீங்கள் யோசிப்பீர்கள். உன்னிடம் நானும் என் அப்பா மாதிரி காத்தோட்டம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டேனே, சிங்கப்பூர் வரும்வரை தூங்கவில்லை தம்பி.

அந்த ஹோட்டலில் மாதக்கணக்கில் தங்கினால் வாடகை தின்றுவிடும். சின்னதாக ஒரு வீடு பார்ப்பது உத்தமம். ஜன்னல் திறக்கிற வீடாகப் பார். பணம் வேண்டுமென்றால் என் ரிட்டையர்மென்ட் பணத்தில் தொடாமல் ஒரு டெபாசிட் இருக்கிறது. தயங்காதே. வெந்நீர் குடி.

பாத்ரூம் வேலை முடிந்ததா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் அந்த டம்ளரைத் தேய்த்த தேய்ப்பைப் பார்த்தவன் நான், அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தாலும் முதலில் என்னிடம் பேசுவது உனக்குச் சுலபமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கோபாலசாமி கோயிலுக்குப் போனால் ஏழரைக்குத்தான் வருவாள். நாங்கள் வந்தபோது ஐந்தரை மணி வித்தியாசம், இப்போது நாலரை. உனக்கு அது ராத்திரி பத்தரை. நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா