ஆர்மேனியன் சர்ச் பத்தி ஒரே வரியில முடிச்சிட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஜார்ஜ் டவுன் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஹைகோர்ட்டு, பாரிமுனை, பூக்கடைன்னு எல்லாம் விலாவாரியா எழுதிட்டு ஆர்மேனியன் தெரு சர்ச் பத்தி மட்டும் 'இப்போ ஆள் இல்லாத பழைய சர்ச்'னு ஒரே வரியில தாண்டிட்டீங்க, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

அந்த இடமே முதல்ல இங்க இருந்த ஆர்மேனியர்களோட கல்லறைத் தோட்டம் சார். 1712ல கட்டின பழைய சர்ச் வேற இடத்துல இருந்துச்சு, அது போனப்புறம் 1772ல இங்க கட்டினாங்க, அதனாலதான் உள்ள போனா முற்றம், வராண்டான்னு எங்க பாத்தாலும் தரையிலயே கல்லறைக் கல்லு, ஆர்மேனிய எழுத்துல பேர் செதுக்கி. சுமார் 350 கல்லறை. ஈரான்ல இஸ்ஃபஹானை ஒட்டின புது ஜுல்ஃபாவுல இருந்து பட்டு, ரத்தினம்னு வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கதான் நிறைய.

அதுல ஒண்ணு ஹருத்யூன் ஷ்மாவோன்யன் கல்லறை, 1824ல இறந்தவர். அந்த சர்ச்சு பாதிரியார். 1794ல 'அஸ்தரார்'னு ஒரு பத்திரிகை நடத்தினார், உலகத்துலயே முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை அதுதான், அச்சானது நம்ம மெட்ராஸ்ல! ஒரு பத்திரிகை ஆசிரியர் அங்க அடக்கமாகியிருக்கார், அவரை இன்னொரு பத்திரிகையே விட்டுட்டா வேற யாரு சார் சொல்லுவாங்க?

ஆர்மேனிய வியாபாரி கோஜா பெத்ரூஸ் உஸ்கானையும் சேர்த்திருக்கலாம். சைதாப்பேட்டையில மறைமலையடிகள் பாலம் இருக்குற இடத்துல 1726ல சொந்தக் காசு போட்டு மர்மலாங் பாலம் கட்டினவர், பரங்கிமலை படிக்கட்டும் அவர் உபயம்தான்.

சர்ச்சோட மணிக்கோபுரம் தனியா நிக்கும், அதுல ஆறு மணிகள் இருக்கு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 150 கிலோ, சிலதுல அதை வார்த்த லண்டன் தாமஸ் மியர்ஸ் பேரும் 1837ங்கிற வருஷமும் இருக்கு, ஒரு மணியில தமிழ் எழுத்தே இருக்கு. அந்தத் தமிழ் எழுத்தை ஒரு நல்ல போட்டோவா எடுத்துப் போடுங்க.

கல்லறை மேல உக்காந்து செல்ஃபி எடுக்குற பசங்களை அங்க பாத்திருக்கேன். வேணும்னு செய்யல, கீழ யார் இருக்காங்கன்னு தெரியல, அவ்ளோதான். ஷ்மாவோன்யன் பத்தி ஒரு முழுப்பக்கம் எழுதுங்க சார், உங்க பத்திரிகையில வந்தா காலேஜ் பசங்க வரைக்கும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை